ஐதரசன் சல்பைட்டுக் குறைந்த வாயுவிலிருந்து கந்தகத்தை மீட்டல்: யாழ்ப்பாணச் சூழலுக்கான முழுமையான வழிகாட்டி

வாயுவில் ஐதரசன் சல்பைட்டு எவ்வளவு குறைவாக உள்ளதோ அவ்வளவுக்கு அதிலுள்ள கந்தகத்தைப் பிரித்தெடுப்பதும் எளிதாக இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். நடைமுறையில் நிலைமை நேர்மாறானது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் பெறப்படுவது, 1883 இல் கார்ல் பிரீட்ரிக் கிளவுஸ் காப்புரிமை பெற்ற முறையின் பிற்கால வடிவத்திலேயே ஆகும். அம்முறையில் ஐதரசன் சல்பைட்டின் மூன்றிலொரு பங்கு எரிக்கப்பட்டுக் கந்தகவீரொட்சைட்டாகிறது. எஞ்சிய இரண்டு பங்கு, அலுமினா ஊக்கியின் மேல் அதனுடன் தாக்கமுற்றுக் கந்தகத்தையும் நீரையும் தருகிறது. சுவாலை நிலைத்து எரிவதற்கு ஏறத்தாழ 1,000 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். வாயுவில் ஐதரசன் சல்பைட்டு 15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அந்த வெப்பம் கிட்டாமற் போகிறது. மாட்டுச் சாணம், சந்தைக் கழிவு, மீன் கழிவு, வடிசாலைக் கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து பிறக்கும் உயிர்வாயுவில் அது பெரும்பாலும் ஒரு சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. இத்தகைய வாயுவுக்குரிய முறைகளை, குடாநாட்டில் சிறிய அல்லது நடுத்தர ஆலை ஒன்றை நடத்துபவருக்கும் பொறியியல் பயிலும் மாணவருக்கும் பயன்படும் வகையில் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

ஐதரசன் சல்பைட்டு காற்றை விட ஏறத்தாழ 1.2 மடங்கு பாரமானது என்பதால் குழியிலும் தாங்கியின் அடியிலும் தங்கும். காற்றில் 0.1 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) குறைவான அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். அதே 100 பிபிஎம்தான் உயிருக்கு உடனடி ஆபத்து என வரையறுக்கப்பட்ட அளவும் ஆகும். 700 பிபிஎம்முக்கு மேல் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்து விழலாம். ஆகவே மூக்கை நம்பி எந்த முடிவையும் எடுக்கக்கூடாது. 10 பிபிஎம்மில் ஒலி எழுப்பும் கருவியை உடையில் அணியாமல் ஒருவரும் வாயுக்குழாயைத் திறக்கக்கூடாது. குழிக்குள் விழுந்தவரை மீட்க மூச்சுக்கருவி இன்றி இன்னொருவர் இறங்கவும் கூடாது. கிணறுகளிலும் மலக்குழிகளிலும் இரண்டாவது ஆளும் மாண்டுபோகும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். இந்தத் தாங்கிகளிலும் நடப்பது அதுவே.

படி 1: வாயுவை அளத்தல்

ஒருமுறை எடுத்த அளவீட்டை வைத்து ஆலையை வடிவமைப்பது வீண் செலவு. சாணமோ கழிவோ இட்ட சில மணி நேரத்தில் ஐதரசன் சல்பைட்டு உயர்ந்து பின்னர் தணியும். எனவே ஒரு வாரத்துக்காவது, நாளொன்றுக்குப் பல வேளைகளில், நிறம் மாறும் கண்ணாடிக் குழாயைக் கொண்டு அளந்து, கழிவு இட்ட நேரத்தையும் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். வாயுவை வாங்கிச் செல்லும் இறப்பர்க் குழாயும், குழாயில் படிந்த நீர்த்துளியும் இவ்வாயுவை உறிஞ்சிக்கொள்வதால், மாதிரியை உற்பத்தித் தாங்கிக்கு அருகிலேயே எடுத்து அங்கேயே அளப்பது நல்லது. பையில் அடைத்து நகரத்துக்கு அனுப்பிய மாதிரி, மறுநாள் உண்மையை விடக் குறைவான எண்ணையே காட்டும். அத்துடன் காபனீரொட்சைட்டு, ஒட்சிசன், வாயுவின் அமுக்கம், மணித்தியாலத்துக்குப் பாயும் கன அளவு ஆகியவையும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: நாளொன்றுக்கு எத்தனை கிலோகிராம் கந்தகம்

முறையைத் தீர்மானிப்பது சதவீதம் அன்று. ஒரு நாளில் வெளிவரும் கந்தகத்தின் நிறையே தீர்மானிக்கிறது. இதைக் கணக்கிடாமல் விற்பனையாளரின் விலைப்பட்டியலைப் பார்ப்பவர், தேவைக்குப் பன்மடங்கு பெரிய இயந்திரத்தை வாங்கிவிடுவார்.

மணித்தியாலத்துக்கு 100 கனமீற்றர் உயிர்வாயு, அதில் 3,000 பிபிஎம் ஐதரசன் சல்பைட்டு என்று கொள்வோம். நாளொன்றுக்கு 2,400 கனமீற்றரில் 7.2 கனமீற்றர் ஐதரசன் சல்பைட்டு இருக்கும். நமது வெப்பநிலையில் ஒரு கனமீற்றர் அவ்வாயுவின் நிறை ஏறத்தாழ 1.39 கிலோகிராம் என்பதால் மொத்தம் 10 கிலோகிராம் ஆகிறது. அதில் 94 சதவீதம், அதாவது 9.4 கிலோகிராம், கந்தகம். இந்த எண்ணையே கீழே எல்லாக் கணக்குகளுக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

படி 3: வரும் வழியிலேயே குறைத்தல்

மீட்பதைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம்; ஆயினும் செலவு மிகக் குறைவான படி இதுவே. தீவகத்திலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவரானவை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. காற்றில்லாத் தாங்கிக்குள் அந்தச் சல்பேற்றைப் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டாகத் தாழ்த்துகின்றன. ஒரு கனமீற்றர் கடல்நீரில் மறைந்திருப்பது 0.9 கிலோகிராம் கந்தகம். மீன் அல்லது இறால் கழுவும் இடத்தில் உவர்நீரைப் பயன்படுத்தி, அக்கழுவுநீரை அப்படியே உயிர்வாயுத் தாங்கிக்கு விட்டால், கழிவிலுள்ள புரதம் தரும் கந்தகத்துக்கு மேலதிகமாக இதுவும் சேர்ந்துவிடும். கடைசிக் கழுவலை மட்டும் நன்னீரில் செய்து, முதற் கழுவுநீரைத் தாங்கிக்கு விடாமல் வேறாகப் பிரித்தாலே, சில இடங்களில் பிரச்சினை பாதியாகக் குறையும்.

படி 4: முறையைத் தெரிதல்

கந்தகம் நாளொன்றுக்கு ஒரு கிலோகிராமுக்கும் குறைவு என்றால் மீட்பைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாம். தாங்கியின் மேற்பரப்பு வாயுவுக்குள் உயிர்வாயுவின் கன அளவில் 2 முதல் 6 சதவீதக் காற்றைச் செலுத்தினால், அங்கு வாழும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டின் பெரும்பகுதியை மஞ்சள் படிவாக மாற்றிவிடும். அது கழிவுக் கூழுடன் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். காற்றில் மெதேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்போது அது வெடிக்கக்கூடியது என்பதால், காற்றுப் பம்பி அந்த 6 சதவீதத்தைத் தாண்டித் தள்ள முடியாத அளவுக்குச் சிறியதாகவே இருக்க வேண்டும். வால்வைத் திருகிக் கட்டுப்படுத்தலாம் என்று பெரிய பம்பியைப் பொருத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அடுத்தது இரும்பொட்சைட்டுப் படுக்கை. ஒரு கிலோகிராம் பெரிக்கு ஒட்சைட்டு கோட்பாட்டளவில் 0.64 கிலோகிராம் ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்கும்; நடைமுறையில் அதன் பாதியை எதிர்பார்க்கலாம். நமது எடுத்துக்காட்டுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகிராம், மாதத்துக்கு ஒரு தொன்னுக்கு அண்மித்த ஒட்சைட்டு என்று கணக்கு வரும். காற்றுப் பட்டால் அது மீளத் துருவாகி, கந்தகம் துகள்களின் மேல் படிந்துவிடும். ஆனால் அத்தாக்கம் மிகுந்த வெப்பத்தை வெளிவிடுவதால், ஈரமின்றித் திறந்த படுக்கை தானாகவே தீப்பற்றும். துருவோடு கலந்த கந்தகத்தைப் பிரிப்பதும் கடினம். முற்காலத்தில் ஐரோப்பிய நிலக்கரி வாயு ஆலைகள் அதனைப் பிரிக்காமல் கந்தக அமிலத் தொழிற்சாலைகளுக்கே விற்றன. நமக்கு அத்தகைய வாடிக்கையாளர் எவரும் இல்லை. வாயுவைத் தூய்மையாக்குவதே நோக்கம் என்றால் இது நல்ல முறை. கந்தகம் வேண்டும் என்பவருக்கு உதவாது.

எரிசோடாக் கரைசலால் கழுவுவது பலருக்கு முதலில் தோன்றும் வழி. உயிர்வாயுவில் காபனீரொட்சைட்டு 35 முதல் 40 சதவீதம் இருப்பதால், சோடாவை ஐதரசன் சல்பைட்டு அடைவதற்கு முன் காபனீரொட்சைட்டே தின்று தீர்த்துவிடும். இதைத் தனியாகச் செய்வது பணத்தைக் கரைப்பதாகும்.

கந்தகம் நாளொன்றுக்குப் பல தொன்களைத் தாண்டும் பெரிய ஆலைகளில், காபனீரொட்சைட்டை விட ஐதரசன் சல்பைட்டை விரைவாகப் பற்றும் அமீன் கரைசலால் அதனைச் செறிவாக்கிக் கிளவுஸ் உலைக்கு அனுப்புவர். இடைப்பட்ட வெளியில், அதாவது பத்துக் கிலோகிராம் அளவிலிருந்து சில தொன் வரை, கந்தகத்தைக் கையில் தரும் முறைகள் இரண்டு: இரும்புக் கரைசல் முறை, உயிரியல் முறை. 1950களுக்குப் பின் இங்கிலாந்தில் பரவிய ஸ்ரெட்போர்ட் முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் அது வனேடியத்தைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் கந்தகத்தில் அந்த நச்சு உலோகம் கலந்திருக்கும். கிணற்றுநீரைக் குடிக்கும் ஊருக்கு அது வேண்டாம்.

படி 5: இரும்புக் கரைசல் முறை

இதன் வேதியியல் இரண்டே வரிகளில் அடங்கும். காரத்தன்மையுள்ள நீரில் கரைந்த ஐதரசன் சல்பைட்டை இரண்டு பெரிக்கு (மூவேற்ற) இரும்பு அயன்கள் ஒட்சியேற்றிக் கந்தகமாக்கித் தாம் பெரசு (ஈரேற்ற) இரும்பாகின்றன. வேறொரு தாங்கியில் காற்றிலுள்ள ஒட்சிசன் அந்தப் பெரசு இரும்பை மீண்டும் பெரிக்கு இரும்பாக்குகிறது. இரும்பு செலவாவதில்லை, செலவாவது காற்று மட்டுமே. ஆனால் காரக் கரைசலில் வெறும் இரும்பு நிற்காது, துருவாகப் படிந்துவிடும் என்பதால், அதனைப் பற்றிப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்க ஈடிடிஏ போன்ற ஒரு சேர்வை தேவைப்படுகிறது.

*கரைசலைத் தயாரித்தல்.* நமது சுண்ணக்கல் கிணற்றுநீர் கேத்திலின் உள்ளே விடும் வெண்படிவை எல்லோரும் அறிவர். அந்த நீரை, காரத்துக்காகச் சேர்க்கும் இரு காபனேற்று (பைகாபனேற்று) உள்ள கரைசலில் ஊற்றினால் கல்சியம் காபனேற்றுப் படிந்து காற்றுத் துளைகளையும் தெளிப்பான்களையும் அடைத்துவிடும். மாரியில் சேகரித்த மழைநீரே இதற்குப் பொருத்தமானது. லீற்றருக்கு 1 கிராம் இரும்பு வருமாறு பெரிக்கு உப்பையும், இரும்பின் மூல் அளவை விடச் சற்றுக் கூடுதலாக ஈடிடிஏயையும் முதலில் சேர்த்துக் கரைத்து, அதன் பின்னரே காரத்தைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் துரு படியும். காரமாகச் சோடியச் சேர்வைகளை விடப் பொற்றாசியம் இரு காபனேற்றையும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டையும் பரிந்துரைக்கிறேன். விலை கூடுதல்தான், காரணத்தைக் கழிவுக் கரைசல் பற்றிய பகுதியில் காணலாம். லீற்றருக்கு 50 கிராம் இரு காபனேற்று, பீஎச் பெறுமானம் 8 அளவில் என்பது நல்ல தொடக்கம். உறிஞ்சற் கோபுரத்தில் காபனீரொட்சைட்டு பீஎச்சைக் கீழிறக்கும். காற்றுத் தாங்கியில் அது வெளியேறுவதால் பீஎச் மீண்டும் ஏறும்.

*பம்பியின் அளவு.* ஒரு கிராம் கந்தகத்துக்கு 3.48 கிராம் இரும்பு மாறிச் சுழல வேண்டும். நமது 9.4 கிலோகிராமுக்கு இது 32.7 கிலோகிராம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் இரும்பின் பாதியை மட்டுமே பயன்படுத்துவது பாதுகாப்பானது என்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 65,400 லீற்றர், மணித்தியாலத்துக்கு 2.7 கனமீற்றர் கரைசல் சுற்ற வேண்டும். தோட்டத்துக்கு நீரிறைக்கும் சிறு பம்பியின் வேலையை விட இது குறைவானது. ஆனால் பித்தளையோ செப்போ கரைசலையும் வாயுவையும் தொடும் இடத்தில் இருக்கக்கூடாது. பிளாஸ்ரிக் உடல் கொண்ட பம்பியும் பீவீசீ குழாயும் போதும்.

*உறிஞ்சற் கோபுரம்.* வழக்கமான கோபுரங்களில் இடும் சிறு நிரப்பு வளையங்களுக்கிடையே கந்தகம் சிக்கி விரைவில் அடைத்துவிடும். வாயு குமிழாக ஏறும் வெறுமையான கரைசல் நிரலோ, பெரிய இடைவெளிகளையுடைய அமைப்போ நல்லது. முழங்கை வளைவுகளுக்குப் பதிலாகத் திறந்து கழுவக்கூடிய மூடிகளை வைத்த ரீ வடிவ இணைப்புகளைப் பொருத்தினால், அடைபட்ட நாளில் குழாயை அறுக்க வேண்டியதில்லை.

*காற்றுத் தாங்கி.* 9.4 கிலோகிராம் கந்தகத்துக்குக் கோட்பாட்டளவில் 17 கனமீற்றர் காற்றுப் போதும். ஆழம் குறைந்த தாங்கியில் ஒட்சிசனின் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே கரைவதால் மணித்தியாலத்துக்கு 7 முதல் 14 கனமீற்றர் காற்றை ஊத வேண்டும். இத்தாங்கி கோபுரத்திலிருந்து கட்டாயம் வேறாக இருக்க வேண்டும். கரைசல் மட்டும் யூ வடிவ நீர்ப்பூட்டு வழியே செல்ல வேண்டும், அந்தப் பூட்டின் நீருயரம் வாயு அமுக்கத்தை விடத் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாங்கியில் அடக்கிச் செலவைக் குறைக்க முயல்வது மெதேனையும் காற்றையும் ஒன்றுசேர்ப்பதாகும்.

*தொடக்கம்.* வாயு இல்லாமல் கரைசலையும் காற்றையும் முதலில் ஓடவிட வேண்டும். இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவிக் கசிவு பார்த்த பின்னரே வாயுவைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் வாயுவை மூடி, கரைசல் பழைய நிறத்துக்குத் திரும்பும்வரை காற்றை ஊதி, கடைசியாகப் பம்பியை நிறுத்த வேண்டும்.

அந்த நிறமே நடத்துநருக்கு மிகச் சிறந்த கருவி. நல்ல நிலையில், காற்றுத் தாங்கியை விட்டு வரும் கரைசல் கடுந்தேயிலைச் சாயம் போலச் செம்பழுப்பாக இருக்கும். கோபுரத்தின் அடியில் அது வெளிறிப் பால் கலந்தாற்போலக் கலங்கலாகத் தெரியும், அக்கலங்கலே கந்தகம். இரண்டு இடத்திலும் கண்ணாடி அல்லது ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்திவிட வேண்டும். காற்றுத் தாங்கிக்குப் பின்னும் கரைசல் வெளிறியே இருந்தால் காற்றுப் போதவில்லை. கருமை தட்டினால் இரும்பு முழுவதும் தாழ்த்தப்பட்டுப் பெரசு சல்பைட்டு உருவாகிறது. உடனே வாயுவைக் குறைக்க வேண்டும். துருநிறத் தூள் படிந்தால் ஈடிடிஏ சிதைந்துவிட்டது அல்லது பீஎச் மிகவும் ஏறிவிட்டது என்று பொருள். ஈடிடிஏ நாள்பட நாள்படச் சிதைவது இயல்பு. எனவே வாரந்தோறும் கரைந்த இரும்பை அளந்து, குறைந்ததை ஈடுசெய்ய வேண்டும்.

இன்னொரு பக்கத்தாக்கமும் உண்டு. கோபுரத்தில் மாறாமல் தப்பிய சல்பைட்டு காற்றுத் தாங்கியில் ஒட்சிசனைச் சந்தித்தால் கந்தகத்துக்குப் பதிலாக, நீரில் கரைந்தே நிற்கும் தயோசல்பேற்று உருவாகும். பீஎச் 9 ஐத் தாண்டும்போது இது கூடும். கோபுரத்தை விட்டு வரும் கரைசல், காற்றைச் சந்திக்கும் முன் சில நிமிடம் தங்கிச் செல்லும் சிறு தாங்கி ஒன்று இந்த இழப்பைப் பெரிதும் குறைக்கும். சிறிதளவு தயோசல்பேற்று இருப்பது ஈடிடிஏயின் சிதைவைத் தாமதப்படுத்துவதால், அதை அறவே ஒழிக்க முற்படவும் வேண்டியதில்லை.

உயிரியல் முறை பற்றிச் சில சொற்கள்

இதில் காரக் கரைசல் ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்க, கந்தகப் பற்றீரியாக்கள் அளவான ஒட்சிசனில் அதனைக் கந்தகமாக்கிக் காரத்தையும் திருப்பித் தருகின்றன. 1993 இல் நெதர்லாந்தின் ஈர்பீக்கில் கடதாசி ஆலைகளின் கழிவுநீரிலிருந்து பிறந்த உயிர்வாயுவுக்காக இது முதன்முதலில் தொழில் அளவில் நிறுவப்பட்டது. ஈடிடிஏ வேண்டியதில்லை, கந்தகமும் நீரில் எளிதாகக் கலையும் நுண்துகளாகக் கிடைக்கிறது. எனினும் ஒட்சிசன் சற்றுக் கூடினால் பற்றீரியாக்கள் கந்தகத்தில் நிற்காமல் சல்பேற்றுவரை கொண்டுபோய்விடும். எனவே கரைசலின் ஒட்சியேற்ற நிலையை அளக்கும் மின்வாயும் தானியங்கிக் காற்றுக் கட்டுப்பாடும் இல்லாமல் இதை நடத்த முடியாது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடத்தில், தொழில்நுட்பம் அறிந்தவர் நாள்தோறும் வராத ஆலையில், இரும்புக் கரைசலே பொறுமையானது என்பது என் கருத்து.

படி 6: கந்தகக் களியைப் பிரித்தல்

காற்றுத் தாங்கியை அடுத்துக் கூம்பு வடிவ அடியுடைய தாங்கி ஒன்று வேண்டும். தட்டையான அடியில் கந்தகம் களிமண் போல இறுகிவிடும். சரிவு 60 பாகையாவது இருக்கட்டும். கந்தகத் துகள் நீரில் நனைய மறுத்து நுரையோடு மிதந்தால், மிகச் சிறிதளவு நனைப்புப் பொருளைச் சேர்த்தால் அமிழும். அடியில் சேரும் கூழை நாள்தோறும் தடித்த துணிப்பையில் வடித்து, மழைநீரை இருமுறை ஊற்றிக் கழுவி, முதற் கழுவுநீரைக் கரைசலுக்கே திருப்பினால் இரும்பும் ஈடிடிஏயும் வீணாகா.

களியை உருக்கிக் கட்டியாக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழும். கந்தகம் 115 முதல் 119 பாகையில் உருகும், 159 பாகைக்கு மேல் பாகாகத் தடித்துவிடும். இடையிலுள்ள குறுகிய வெளியில் நீராவி கொண்டு வெப்பநிலையைப் பிடித்து வைக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோகிராமுக்கு அது தகாத வேலை. நிழலில் உலர்த்தி, சற்று ஈரமாகவே சேமிப்பது நல்லது. முற்றிலும் உலர்ந்த தூள் காற்றில் பறந்தால், நிலைமின் பொறி ஒன்றே அதை வெடிக்கச் செய்யும். 190 பாகை அளவிலான சூடான மேற்பரப்பும் அதற்குப் போதும். இரும்பு அகப்பையும் புகைத்தலும் அவ்விடத்தில் கூடாது.

படி 7: கழிவுக் கரைசலும் சுண்ணக்கல் நிலமும்

சல்பேற்றும் தயோசல்பேற்றும் காலப்போக்கில் சேர்வதால், கரைசலின் ஒரு பகுதியை அவ்வப்போது அகற்றத்தான் வேண்டும். நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் இவ்விடயமே யாழ்ப்பாணத்தில் ஆலையின் தலைவிதியைத் தீர்மானிக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கில்லை. குடிப்பதும் பாய்ச்சுவதும் பிளவுகள் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைநீரையே. அப்பிளவுகளில் ஊற்றியது வடிபடாமல் அயற்கிணற்றை அடையும். சுன்னாகப் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தைக் கண்ட பின் இதற்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. ஈடிடிஏ மண்ணில் எளிதில் அழிவதில்லை. மண்ணிலுள்ள உலோகங்களையும் கரைத்து இழுத்துச் செல்லும்.

இங்கேதான் பொற்றாசியத்தின் பயன் தெரிகிறது. சோடியம் கலந்த கழிவு ஏற்கெனவே உவரேறும் மண்ணை மேலும் கெடுக்கும். பொற்றாசியம் சல்பேற்று, பொற்றாசியம் தயோசல்பேற்று, ஈடிடிஏ இரும்பு ஆகிய மூன்றுமே தனித்தனியே உரமாக விற்கப்படும் பொருள்கள். எனவே கழிவுக் கரைசலை நீர் ஊறாத தாங்கியில் சேர்த்து, பகுப்பாய்வு செய்து, பயிருக்குத் தேவையான அளவுக்கு நன்றாக ஐதாக்கிப் பயன்படுத்த வழி பிறக்கிறது. தாங்கிகள் அனைத்தையும் சுற்றி, மிகப் பெரிய தாங்கியின் முழுக் கொள்ளளவையும் தாங்கும் சீமெந்துத் தடுப்பு ஒன்றைக் கட்ட வேண்டும். இவற்றை வரைபடத்தோடு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குக் காட்டி, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படுமா என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கிடைத்த கந்தகத்தின் பயன்

திராட்சைத் தோட்டக்காரர் தூள் பூஞ்சண நோய்க்குக் கந்தகம் தூவுவது யாவரும் அறிந்ததே. ஆயினும் இங்கு கிடைத்த களியைப் பையில் அடைத்துப் பூஞ்சணநாசினி என்று விற்க முடியாது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். 

மண்ணின் காரத்தைத் தணிக்க இடலாமா என்ற கேள்வியும் எழும். மண்ணில் பற்றீரியாக்கள் கந்தகத்தை அமிலமாக்குவதால், ஒரு கிலோகிராம் கந்தகம் 3.1 கிலோகிராம் கல்சியம் காபனேற்றைக் கரைக்கும். ஒரு ஹெக்டேயரின் மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ 2,100 தொன். அதில் ஒரே ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலும் அதனைத் தீர்க்க ஏழு தொன் அளவு கந்தகம் வேண்டும். நமது ஆலை அதனைத் திரட்ட இரண்டு ஆண்டுகள் ஆகும். எனவே சுண்ணாம்பு கலந்த கரையோர மண்ணின் பீஎச்சை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, வெங்காயம் போன்ற கந்தகம் விரும்பும் பயிருக்கு ஊட்டமாக, சாணத்தோடு கலந்து அடியுரமாக இடுவதே தகும். இடுவதற்கு முன் களியின் சிறு பகுதியை மழைநீரில் கலக்கி அதன் பீஎச்சையும் மின்கடத்துதிறனையும் பார்க்க வேண்டும். கடத்துதிறன் உயர்வாக இருந்தால் கழுவல் போதவில்லை, இன்னொரு முறை கழுவ வேண்டும். இலையில் படும்படி தூவக்கூடாது. 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். சித்திரை முதல் ஆவணி வரை நம் பகற்பொழுதுகளில் பல அந்த எல்லையைத் தொடுவன அல்லது தாண்டுவன.